முப்பத்தேழு தசம் ஆறு

"கேட்ட கேள்விக்கு மறுமொழி தெரியாட்டில் நீர் என்ன செய்வீர்?"

தர்சன் சாரங்காவை அப்படித்தான் கேட்டான். தண்ணீரூற்றுப் பக்கம் மாதர் சங்கம் நடத்திய கோழிக்குஞ்சுப் பொரிப்பறையில், பழைய மடிக்கணினி ஒன்றின் முன்னால் அவள் முதன்முதலாய் வந்து குந்திய நாள் அது. அவள் வாய் திறக்கவில்லை. கால் பெருவிரலால் சீமெந்துத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அதுதான் சரியான மறுமொழி," என்று அவன் சிரித்தான். "பேசாமல் இருக்கவேணும். உமக்கு இந்த வேலை நல்லாய் வரும்."

பேசாமல் இருப்பதற்காக அவளை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்பில் போரால் இடம்பெயர்ந்தபோது நின்றது அவளுடைய படிப்பு. சமாதானம் வந்து ஊர் திரும்பிய பிறகு, தன்னைவிட வயது குறைந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்க வெட்கப்பட்டு, ஒரு கிழமையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டாள். ஆட்களைக் கண்டால் குசினிக்குள் போய் ஒளிக்கிற பெட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் தாய் கமலாசனி தவித்துக்கொண்டிருந்தபோதுதான், சங்கத் தலைவி விமலேஸ்வரி வந்து கூட்டிப்போனாள். "கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறதுக்கு வாய் தேவையில்லை, அக்கா. விடுங்கோ."

தர்சன் கனடாவிலிருந்து லீவில் வந்தவன். பொரிப்புப் பெட்டியைக் கண்காணிக்க அந்தக் கணினியை ஒழுங்குபண்ணியவன் அவன்தான். அதில் ஓடிய கண்காணிப்பு நிரலுக்குத் தன்னறிவென்று ஒன்றும் கிடையாது. கண்ணும் இல்லை, கையும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடி ஊர்ப் புதினம் அறிய ஆளனுப்பும் விதானையாரைப்போல, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் அது வெளியே ஆளனுப்பும். ஆட்கள் என்றால் சின்னச் சின்ன நிரல்கள். ஒன்று போய்ப் பற்றறியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவரும். ஒன்று ஜெனரேற்றர் ஓடுகிறதா என்று பார்த்துவரும். இன்னொன்று பொரிப்புப் பெட்டிக்குள் கிடந்த வெப்பமானியிடம் வயர் வழியே போய்க் கேட்டுவரும். திரும்பி வந்து ஆளுக்கு ஒரு வரி சொல்லும்: பெயரும் எண்ணும். பெரிய நிரல் அதைச் சொன்னபடியே பதிந்து திரையில் கோடாய்க் கீறும். மெய்யோ பொய்யோ என்று அது ஒருநாளும் ஆராயாது.

"எண் கிடைக்கேல்லையெண்டால் சின்னன் வாய் திறக்கக்கூடாது," என்று தர்சன் சொல்லிக்கொடுத்தான். "வெறுங்கையோட வந்தால் ஏதோ கோளாறெண்டு பெரிசுக்கு விளங்கும். ஹோன் அடிக்கும். பொய் சொல்லிச்செண்டால் ஒருத்தருக்கும் விளங்காது."

ஹோன் என்பது உடைந்த லொறி ஒன்றிலிருந்து கழற்றியது. ஜெனரேற்றர் பார்க்கிற தங்கராசா அதைக் கொண்டுவந்து கூரைக்கு மேலே பூட்டியிருந்தான். வயலுக்குள் நிற்கிறவனுக்கும் கேட்கும்.

தர்சன் போன பிறகுதான் தொல்லை தொடங்கியது. ஜெனரேற்றர் தொடங்குகிற நேரங்களில் மின்சாரம் ஒரு துள்ளுத் துள்ளும். வெப்பமானி மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும். போன சின்ன நிரல் வெறுங்கையோடு திரும்பும். உடனே ஹோன் அலறும். சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் எழும்பிப் பார்ப்பார்கள். தையல் வகுப்புப் பெண்கள் பாதித் தையலில் ஓடிவருவார்கள். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. எல்லாருக்கும் நடுவில் சாரங்கா முகம் வெளுத்து நிற்பாள்.

"என்னடி, இண்டைக்கும் உன்ரை சேவல் கூவிப்போட்டுதோ?" என்பாள் தையல் பழக்குகிற இரஞ்சிதம்.

"கல்யாண ஊர்வலம் போகுதாக்கும் எண்டு நான் வேட்டி மாத்தப் போனனான், பிள்ளை," என்பான் தங்கராசா.

எல்லாரும் சிரிப்பார்கள். சாரங்காவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் என்ன என்றிருக்கும். ஒருநாள் விமலேஸ்வரியும் பொறுமை இழந்தாள். "கண்டறியாத ஹோன். இதுக்கு ஒரு வழி பாரம்மா."

சாரங்கா வழி பார்த்தாள். சின்ன நிரலின் அடியில் மூன்றே மூன்று வரி. வெப்பமானி மறுமொழி சொன்னால் அதைச் சொல். சொல்லாவிட்டால் கடைசியாய்ச் சொன்னதைத் திருப்பிச் சொல்.

அதை எழுதும்போது அவளுக்கு அது பொய் என்றே தோன்றவில்லை. இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில் நிவாரணத்துக்குப் பதிய வருகிறவர்கள் "வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். தாய் கமலாசனி "ஐஞ்சு" என்பாள். ஐந்தாவது ஆள் அண்ணன். மன்னார்க் கரையில் வள்ளம் ஏறி இந்தியாவுக்கென்று போனவன், போய்ச் சேர்ந்தானா என்று ஒரு சேதியும் இல்லை. சாரங்கா ஒருக்கால் மெல்லக் கேட்டாள். தாய் சீறினாள். "அவன் இல்லையெண்டு ஆர் சொன்னது? கடைசியாய் இருந்த கணக்கைத்தானே நான் சொல்லுறன்!" அந்தக் கொட்டில் வரிசை முழுக்க அதுதான் வழக்கம். தெரியாததைத் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியாய்த் தெரிந்ததைச் சொன்னார்கள்.

ஹோன் அடங்கியது. "இப்பத்தான் நீ கெட்டிக்காரி," என்றாள் விமலேஸ்வரி. சாரங்காவுக்கும் அந்த அமைதி பிடித்திருந்தது.

பொரிப்பறையில் முட்டைக்குப் பொறுப்பு ஹவ்வா உம்மா. நீராவிப்பிட்டியில் பிறந்து வளர்ந்து, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டுப் புத்தளத்து முகாமில் கிடந்து, சமாதானத்தோடு தனியே திரும்பி வந்தவள். மகன் முன்ஸிர் புத்தளத்தில்தான் இருந்தான். "அங்க உங்களுக்கு ஆரிருக்கினம் எண்டு போறீங்க, உம்மா?" என்று அவன் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "என்ட கிணறு இருக்குடா எண்டு சொன்னன், மகள். வந்து பாத்தா அதுவும் தூர்ந்துபோய்க் கிடக்கு."

ஓலைக்கூடையோடு வீடு வீடாய்ப் போய் முட்டை சேர்ப்பாள். இரண்டு முட்டை தந்தால் ஒரு குஞ்சு திருப்பித் தருவது என்பது பேச்சு. முதலில் படலையில் நிறுத்தி வைத்துப் பேசியவர்கள், இரண்டு தடவை குஞ்சைக் கையில் வாங்கிய பிறகு, பாய் போட்டு இருத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் சின்னதாய்ப் பிறை கீறுவாள். காலை, மதியம், பின்னேரம் என்று திருப்பும்போது பிறை ஒருக்கால் மேலே நிற்கும், ஒருக்கால் கீழே போகும். சாரங்கா பேசாவிட்டாலும் அவள் பேசுவாள். மறுமொழி எதிர்பார்க்க மாட்டாள். அதனால் சாரங்காவுக்கு அவள் பக்கத்தில் இருப்பது நிழலில் இருப்பது மாதிரி.

பெட்டிக் கண்ணாடிக்குள் முன்பு ஒரு சாதாரண வெப்பமானி தொங்கியது. அது விழுந்து உடைந்தபோது, ஓமந்தை தாண்டி வவுனியாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வாங்கி வந்திருப்பார்கள். ஒருவரும் சொல்லிவிடவில்லை. அதுதான் கணினி சொல்லுதே.

நோன்பு மாதம் வந்தது. மழை வரப்போகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த, ஆனால் வராத, புழுங்கிய மதியம் ஒன்றில் ஹவ்வா உம்மா பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள். ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மகள், பெட்டி சூடு கூடின மாதிரிக் கிடக்கு. அதில என்ன காட்டுது, ஒருக்காப் பாரு."

சாரங்கா திரும்பித் திரையைப் பார்த்தாள். "முப்பத்தேழு தசம் ஆறு, உம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"ஓம், உம்மா. சரியாய்த்தான் நிக்குது."

ஹவ்வா உம்மா முட்டையை மறு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு சிரித்தாள். "அப்ப என்ட உடம்புச் சூடுதான். நோன்புதானே. கிழவிக்குக் கையும் பொய் சொல்லத் தொடங்கிட்டுது." முட்டையை வைத்துவிட்டுப் பெட்டியைச் சாத்தினாள்.

குஞ்சு பொரிக்கவேண்டிய நாளில் பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் விமலேஸ்வரி வாளியைக் கொண்டுவரச் சொன்னாள். உடைத்த முட்டையில் எல்லாம் பாதி வளர்ந்து செத்த குஞ்சுகள். மயிர் முளைக்காத தலை, மூடிய கண். தங்கராசா மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியைத் தூக்கிப் போனான். ஹவ்வா உம்மா கடைசி முட்டை வரை கூட நின்றாள். எதையும் தொடவில்லை.

எல்லாரும் போன பிறகு சாரங்கா கணினியின் முன் குந்தினாள். பெரிய நிரல் அனுப்புவதற்காகக் காத்திராமல், வெப்பத்தைக் கேட்டுவரும் சின்ன நிரலைத் தானே ஓடவிட்டாள். முப்பத்தேழு தசம் ஆறு என்றது. திறந்து கிடந்த வெறும் பெட்டி. அதைச் சூடாக்கும் அடுப்பும் நிறுத்தியாகிவிட்டது. திரும்ப ஓடவிட்டாள். முப்பத்தேழு தசம் ஆறு. மேசைக்குக் கீழே குனிந்து வயரைத் தடவிக்கொண்டு போனாள். பெட்டிக்குப் பின்னால், சுவர் மூலையில், எலி அறுத்திருந்தது. அறுந்த நுனிகள் துருவேறிக் கிடந்தன. நேற்று அறுத்ததல்ல.

வயரைக் கணினியிலிருந்து முற்றாய்க் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டாள்.

முப்பத்தேழு தசம் ஆறு.

திரையில் கோட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். எறும்பு ஊர்ந்த தடம்போல ஏறியும் இறங்கியும் வந்த கோடு, ஒரு இடத்தில் திடீரென்று நூல் பிடித்தாற்போல் நேராய்ப் போகத் தொடங்கியிருந்தது. அந்த மதியம், ஹவ்வா உம்மா கன்னத்தில் முட்டையை வைத்துக் கேட்ட மதியம், அந்த நேர்கோட்டின் நடுவில் எங்கோ கிடந்தது. "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டாளே. அவளுடைய கை மெய் சொன்னது. சாரங்காதான் அந்தக் கையைப் பொய்யாக்கினாள்.

சங்கக் கூட்டம் அடுத்த நாள். முட்டை கொடுத்த வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். விமலேஸ்வரி நியாயமானவள். எடுத்த எடுப்பில் ஒருவரையும் குற்றம் சொல்ல மாட்டாள். அதனால் கணினியைத் திருப்பி வைத்துக் கோட்டைக் காட்டினாள்.

"பாருங்கோ. சூடு ஒரு சொட்டும் கூடக் குறைய இல்லை. இதைவிட நேராய் நிக்க ஏலாது. முட்டையிலயும் கரு இருந்திருக்கு. அப்ப..." அவள் முடிக்கவில்லை.

"அப்ப திருப்பேல்லை," என்று இரஞ்சிதம் முடித்துவைத்தாள். "திருப்பாட்டில் கரு ஒரு பக்கம் ஒட்டிச் சாகும். நோன்புக் களைப்பு. ஆள் சுவரோட சாஞ்சு கண்ணயர்ந்ததை நான் என்ரை கண்ணால கண்டனான்."

"நான் மூணு வேளையும் திருப்பினன்," என்றாள் ஹவ்வா உம்மா. "அல்லாஹ் அறிய."

"அல்லாவைச் சாட்சிக்குக் கூப்பிட ஏலாதே, உம்மா. கொம்பியூட்டர் இருக்கு, அது சொல்லுது."

பின்வரிசையில் ஒருத்தி, கேட்டும் கேளாமலும், "இவ்வளவு வருசம் கழிச்சு வந்து எங்கடை முட்டையிலயோ கை வைக்கவேணும்," என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஹவ்வா உம்மாவின் கை மடியிலிருந்து எழும்பித் தலைச்சேலையை இழுத்துவிட்டது. அவள் திரும்பிச் சாரங்காவைப் பார்த்தாள். மூன்று வேளையும் அதே அறையில் இருந்தவள் சாரங்காதானே. ஒரு சொல். "திருப்பினவா" என்ற ஒரேயொரு சொல்.

அதைச் சொன்னால், "அப்ப குஞ்சு ஏன் செத்தது?" என்று அடுத்த கேள்வி வரும். சாரங்கா கால் பெருவிரலைப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோ என்று தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இல்லையே," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சாரங்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். எப்போதும் பேசாதவள்தான். ஆனால் முன்பெல்லாம் அந்த மௌனத்துக்குள் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அது நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடந்தது. தான் வாயை மூடிக்கொண்டு, தன் நிரலைப் பேசவிட்டிருக்கிறாள். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஹவ்வா உம்மாவுக்கு எதிராய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

வீடுகள் முட்டை தருவதை நிறுத்தின. கூடையோடு போன ஹவ்வா உம்மாவுக்குப் படலைகள் திறக்கவில்லை. "கோழி இப்ப இடுறேல்லை," என்று உள்ளேயிருந்தே சொன்னார்கள், முற்றத்தில் கோழி கேறிக்கொண்டு நிற்க. ஒரு பின்னேரம் அவள் பொரிப்பறை வாசலில் வந்து குந்தினாள்.

"முன்ஸிர் வரச் சொல்லுறான், மகள். இங்க என்ட பேர் கெட்டுப்போச்சு. பேர் கெட்ட ஊரில கிணறு இருந்தென்ன." தலைச்சேலையின் நுனியை விரலில் சுற்றினாள். பிறகு சொன்னாள், "யோசிச்சுப் பாத்தன். ஒரு நாள் கண்ணயர்ந்திருப்பனோ என்னவோ. கொம்பியூட்டருக்கு என்னோட என்ன கோபம், அது ஏன் பொய் சொல்லப்போகுது?"

"உம்மா..." என்றாள் சாரங்கா.

"நீ ஏன் அழுற? நீ மட்டும்தான் ஒரு சொல்லும் சொல்லாம இருந்த. அதுவே எனக்குப் பெரிசு." தலையைத் தடவிவிட்டு எழும்பினாள். "வெள்ளிக்கிழமை வந்து கூடையைத் தந்துட்டுப் போறன். சங்கத்துக் கூடை."

தலையில் பட்ட அந்தக் கை அன்று முழுக்க அவளைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை சங்கத்தில் நல்ல கூட்டம். தையல் வகுப்பு, விதைநெல் பதிவு, எல்லாம் ஒன்றாய் வந்து விழுந்திருந்தன. ஹவ்வா உம்மா வருவதைச் சாரங்கா யன்னலால் கண்டாள். ஒரு கையில் பயணப் பை. மறு கையில் கூடை. விறாந்தையில் விமலேஸ்வரியின் மேசைமேல் கூடையை வைத்தாள். இனித் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

ஓடிப்போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இவ்வளவு சனத்துக்கு முன்னால் எப்படித் தொடங்குவது, முதல் சொல் எது என்று தெரியவில்லை. கைதான் தெரிந்த வேலையைச் செய்தது. சின்ன நிரலைத் திறந்தாள். அந்த மூன்று வரியையும் அழித்தாள். வயர் அறுந்தபடியே கிடந்தது. பெரிய நிரல் தன் ஆட்களை ஒவ்வொருவராய் அனுப்பியது. பற்றறி சொன்னது. ஜெனரேற்றர் சொன்னது. பெட்டிக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான்.

கூரைமேல் ஹோன் அலறியது.

எத்தனையோ நாள் கேளாத சத்தம். தங்கராசா எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான். தையல் பெண்கள் வந்தார்கள். விதைநெல்லுக்கு வந்தவர்கள் வந்தார்கள். "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று விமலேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். சாரங்கா நிறுத்தவில்லை. எல்லாரும் அறைக்குள் வந்து சேரும்வரை, கடைசியாய்ப் பயணப் பையோடு ஹவ்வா உம்மா வாசலில் வந்து நிற்கும்வரை அலறவிட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"என்னடி இது, விசரே?" என்றாள் இரஞ்சிதம்.

சாரங்கா எழும்பி நின்றாள். எலி அறுத்த வயரை உயர்த்திப் பிடித்தாள்.

"இது... இது எப்பவோ அறுந்துபோச்சு. பெட்டியில சூடு எவ்வளவெண்டு இதுக்குத் தெரியாது. தெரியாட்டில் ஹோன் அடிக்கவேணும். அடிக்கவிடாமல் நான்தான் செய்தனான். பழைய எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதினனான்." திரையைச் சனத்தின் பக்கம் திருப்பினாள். "நீங்கள் கண்ட கோடு பொய். பெட்டி கொதிச்சது. உம்மா அண்டைக்கே சொன்னவா. நான்தான் இல்லையெண்டு சொன்னனான். உம்மா மூண்டு வேளையும் திருப்பினவா. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

தங்கராசா பெட்டியின் பின்பலகையைக் கழற்றினான். சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்னத் தகட்டை விரலால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "கருகிப்போய்க் கிடக்கு," என்றான். "ஒட்டிப்பிடிச்சுப் பிறகு விட்டிருக்கு. அவிஞ்சுதான் செத்ததுகள்."

விமலேஸ்வரி கதிரையில் தொப்பென்று இருந்தாள். "ஏன் பிள்ளை அண்டைக்குக் கூட்டத்தில சொல்லேல்லை? என்னைக்கொண்டு ஒரு பாவத்தையெல்லே செய்விச்சுப்போட்டாய்."

இரஞ்சிதம் தன் விரலில் கிடந்த தையல் உறையைக் கழற்றுவதும் போடுவதுமாய் நின்றாள். "உம்மா, உள்ளுக்கு வந்து இருங்கோவன்," என்று ஆரோ கதிரை இழுத்துப் போட்டார்கள். "ஆருக்குத் தெரியும் இப்பிடியெண்டு," என்றாள் இன்னொருத்தி. "எங்கடை வீட்டில பத்து முட்டை கிடக்கு, உம்மா. பின்னேரம் வாங்கோ."

ஹவ்வா உம்மா கதிரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களையும் பார்க்கவில்லை. சாரங்காவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சாரங்காவும் இந்தத் தடவை தலை குனியவில்லை. ஏசட்டும் என்று நின்றாள். "நல்லாப் பாத்தியா?" என்று அந்தக் கேள்வியையே இன்னொருக்கால் கேட்கட்டும் என்று நின்றாள். கேட்டால் சொல்வதற்கு இப்போது அவளிடம் சரியான மறுமொழி இருந்தது.

ஹவ்வா உம்மாவின் கை எழும்பித் தன் கன்னத்தைத் தொட்டது. முட்டையை வைத்துப் பார்த்த அதே கன்னம். பிறகு தலைச்சேலையை இழுத்துவிட்டாள். விறாந்தைக்குப் போய் மேசையிலிருந்த ஓலைக்கூடையைத் திரும்ப எடுத்தாள். பயணப் பையை அதற்குள் வைத்துக் கூடையை இடுப்பில் ஏற்றினாள்.

படலையடியில் அவளுடைய செருப்புச் சத்தம் சந்திப் பக்கம் போகாமல், முட்டை தரும் வீடுகள் இருந்த பக்கம் திரும்பியது. சாரங்கா பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.